டிரா.ஐஓவில் பெட்டிக்குள் பெட்டி வைப்பது எப்படி

படம் வரையும் மென்பொருளான டிரா.ஐஓவில் பெரிய பெட்டி ஒன்றை வரைந்து அதன்மேல் சின்னப் பெட்டியை வைத்தால், பார்வைக்கு உள்ளே இருக்கும். மென்பொருளைப் பொறுத்தவரை இரண்டும் தனித்தனியாகவே இருக்கலாம். பெரியதை நகர்த்திப் பாருங்கள். சின்னது கூடவே வந்தால்தான் அது உள்ளே இருக்கிறது.

ஐகானும் அதன் பெயரும் போலச் சேர்ந்தே நகர வேண்டியவற்றுக்கு குரூப் போதும். எல்லாவற்றையும் செலக்ட் செய்து கன்ட்ரோல்+ஜி. பிரிக்க கன்ட்ரோல்+ஷிஃப்ட்+யு. குரூப்பில் முதல் கிளிக் முழு குரூப்பையும் பிடிக்கும். மறுபடி கிளிக் செய்தால் உள்ளே இருக்கும் வடிவம் கிடைக்கும்.

விபிசிக்குள் (கிளவுடில் ஒருவருக்கென ஒதுக்கிய தனி நெட்வொர்க்) சப்நெட் (அந்த நெட்வொர்க்கின் ஒரு பகுதி), சப்நெட்டுக்குள் சர்வர் என்று அடுக்கப் போகிறீர்களா? அதற்குக் கன்டெய்னர், அதாவது மற்ற வடிவங்களைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் பெட்டிதான் சரி. ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) லைப்ரரியில் உள்ள விபிசி, சப்நெட் வடிவங்கள் ஏற்கெனவே கன்டெய்னர்கள். சாதாரணச் செவ்வகம் என்றால் அதைத் தேர்ந்து, வலப்பக்க ஸ்டைல் தாவலின் அடியில் உள்ள பிராப்பர்ட்டி பட்டியலை விரித்து, 'கன்டெய்னர்' என்பதை டிக் செய்யுங்கள். எழுத்து நட்டநடுவில் நின்று உள்ளிருப்பவற்றோடு மோதும். டெக்ஸ்ட் தாவலில் அதை மேலே ஏற்றிவிடுங்கள்.

வெளியிலிருந்து உள்ளே போங்கள்: முதலில் 10.0.0.0/16 என்ற முகவரி வரம்பு கொண்ட விபிசி, பிறகு 10.0.1.0/24, 10.0.2.0/24 சப்நெட்டுகள், கடைசியில் சர்வர்கள். இழுத்துக் கொண்டுபோகும்போது கன்டெய்னரின் ஓரம் ஊதா நிறத்தில் ஒளிர்ந்த பிறகே விடுங்கள். எந்தப் பெட்டியின் ஓரம் ஒளிர்கிறது என்பதையும் பாருங்கள்: சப்நெட்டுக்குப் பதில் விபிசி ஒளிர்ந்தால் சர்வர் அதற்குள்தான் விழும். வெளிப்பெட்டியைக் கடைசியில் வரைந்தால் அது எல்லாவற்றையும் மூடிவிடும். 'டு பேக்' கொடுத்துப் பின்னால் தள்ளலாம், ஆனால் அதனால் எதுவும் உள்ளே சேராது. ஒவ்வொன்றையும் இழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

கன்டெய்னரைப் பெரிதாக்கினால் சர்வர் ஐகான்களும் சேர்ந்து இழுபட்டுக் கோணலாகின்றனவா? கன்டெய்னரின் பிராப்பர்ட்டி பட்டியலில் 'ரீசைஸ் சில்ட்ரன்' டிக்கை எடுங்கள். கன்டெய்னரை அழித்தால் உள்ளிருப்பவையும் போய்விடும். வேண்டியவற்றை முதலில் செலக்ட் செய்து, அரேஞ்ச் மெனுவில் 'ரிமூவ் ஃப்ரம் குரூப்' கொடுத்து வெளியே எடுத்துவிடுங்கள்.

அம்புக்குறியில்தான் பலரும் சறுக்குவது. சர்வரில் தொட வேண்டிய முனை சப்நெட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சர்வரை நகர்த்தினால் கோடு வராது. ஜூம் செய்து, சர்வரின் ஓரம் மட்டும் நீலமாகத் தெரியும்போது முனையை விடுங்கள். மடக்கக்கூடிய கன்டெய்னரை மடக்கினால், உள்ளே போகும் அம்புகள் அதன் ஓரத்தில் நிற்பதாகத் தெரியும். அவற்றைத் திருத்தப் போகாதீர்கள், விரித்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.