தொடக்க கால அண்டத்தை ஆராய வருவோருக்கு

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர் முதலில் ஒரு கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். வானில் எத்திசையை நோக்கினாலும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சின் (தொடக்க கால அண்டத்திலிருந்து எஞ்சி இன்றும் எங்கும் பரவியிருக்கும் ஒளி) வெப்பநிலை ஏறத்தாழ 2.7 கெல்வின், இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு அளவே. அக்கதிர்வீச்சு புறப்பட்டபோது அண்டத்தின் வயது சுமார் 3,80,000 ஆண்டுகள். அதற்குள் ஒளி கடந்திருக்கக்கூடிய தொலைவைக் கணக்கிட்டு, அது இன்றைய வானத்தில் எத்தனை பாகையாகத் தெரியும் என்று பாருங்கள். விடை ஓரிரு பாகைதான். அப்படியானால், ஒன்றோடொன்று தொடர்பே கொண்டிராத பகுதிகள் எப்படி ஒரே வெப்பநிலைக்கு வந்தன? இக்கேள்வி உங்களைத் தூங்கவிடாவிட்டால், இத்துறை உங்களுக்கானது என்று நம்பி அடுத்த படிக்குச் செல்லலாம்.

முதுகலையில் பொதுச் சார்பியல், குவாண்டம் புலக் கோட்பாடு, புள்ளியியல் இயக்கவியல் ஆகிய மூன்றையும் ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஜெஸ்ட் எனும் இயற்பியல் முனைவர் பட்ட நுழைவுத் தேர்வு எழுதி, சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். நெறியாளரின் புகழைக் காட்டிலும், அவரிடம் ஆய்வை முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பதே பயன் தரும்.

பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளே கடினமானவை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரையோ நாட்டையோ மாற்ற வேண்டிவரும்; இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அண்டம் தோன்றிய மறுகணமே மிக மிக வேகமாக விரிந்தது எனும் பெருவீக்கக் கொள்கையை முன்வைத்த ஆலன் கூத், 1972-இல் முனைவர் பட்டம் பெற்றபின் பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல் பல்கலைக்கழகங்கள், ஸ்லாக் துகள் முடுக்கி ஆய்வகம் எனத் தற்காலிகப் பணிகளிலேயே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இருந்தார். அவர் துகள் இயற்பியலாளர். கார்னெலில் 1978-இல் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி அண்டவியல் பற்றி ஆற்றிய உரையும், காந்த ஒருமுனைகளைப் (வட முனையோ தென் முனையோ ஒன்று மட்டும் கொண்டதாகக் கருதப்படும் துகள்கள்) பற்றிச் சக ஆய்வாளர் ஹென்றி டை எழுப்பிய கேள்விகளுமே அவரை அண்டவியலின் பக்கம் திருப்பின. 1979 டிசம்பரில் ஓர் இரவு குறிப்பேட்டில் போட்ட பெருவீக்கக் கணக்கு, 1981-இல் கட்டுரையாக வெளிவந்தது. அக்கொள்கை விடை தரும், மேலே சொன்ன வெப்பநிலைப் புதிரை அவர் அறிந்ததோ, அந்த இரவுக்குச் சில வாரங்கள் கழித்து, மதிய உணவு வேளைப் பேச்சில்தான். ஆகவே வேறு துறைக் கருத்தரங்குகளுக்குத் தவறாமல் செல்லுங்கள். கணக்குகளைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். உணவு வேளையில் தனியே அமராதீர்கள்.

அளவீடுகள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். பெருவீக்க கால ஈர்ப்பலைகளின் (வெளியிலேயே எழும் அதிர்வலைகள்) தடயம் கிடைத்ததாக 2014 மார்ச்சில் தென் துருவத் தொலைநோக்கியான பைசெப்-2-இன் குழு அறிவித்தவுடனேயே கோட்பாட்டுக் கட்டுரைகள் குவிந்தன. பிளாங்க் செயற்கைக்கோள் குழுவுடன் சேர்ந்து 2015-இல் செய்த ஆய்வில், அச்சமிக்ஞையின் பெரும்பகுதியை நம் விண்மீன் மண்டலத்தின் தூசியே விளக்கிவிடும் என்று தெரிந்தது.