வீடற்ற குடும்பத்துக்குத் தங்க இடம் தேடித் தருவது எப்படி?

கொங்கு நாட்டுப் பெருவழிகளில் நடந்து வந்தவர்களுக்கு அன்று சத்திரங்களும் சாவடிகளும் இடம் தந்தன. இன்று வேலை தேடிக் குழந்தைகளோடு திருப்பூரிலோ ஈரோட்டிலோ ரயிலிறங்கி, நடைமேடையில் படுத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பொறுப்பை நாம் ஏற்க வேண்டும்.

முதலில் அருகில் அமர்ந்து, யாருக்கு உடல்நலமில்லை, எங்கே போக விருப்பம் என்று கேளுங்கள், படம் எடுக்காதீர்கள். பிறகு மாநகராட்சியை அழைத்து, வீடற்றோர் காப்பகத்தில் இடம் கேளுங்கள். ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு ஓரிடம் என்று பிரிக்கச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல், குடும்பக் காப்பகம் உண்டா என்று வற்புறுத்திக் கேளுங்கள். தெரியாத ஊரில் தகப்பனைப் பிரிவது குழந்தைக்குப் பெருங்கொடுமை. குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098, பெண்ணுக்கென்றால் 181.

ஊர் திரும்புவோருக்குப் பயணச்சீட்டும் வழிச்சோறும் போதும். தங்குவோரின் பிள்ளைகளை, வயதுச் சான்று இல்லாவிட்டாலும், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் சேர்க்கலாம்.