18601116: பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆண்டு, மாதம், நாள் என்று அந்தத் தேதியைச் சேர்த்து எழுதினால் 18601116. டர்பனில் வாரக்கடைசித் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கணக்கும் சேர்த்துக் காட்ட இதைவிட நல்ல எண் கிடைப்பது கஷ்டம். இதைப் பகா எண்களின் (1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்களின்) பெருக்கலாகப் பிரிக்கப் பேப்பர், பென்சில், எட்டு இலக்கக் கால்குலேட்டர் போதும்.

கடைசி இரண்டு இலக்கம் 16, 4ஆல் வகுபடும். கடைசி மூன்று 116, 8ஆல் வகுபடாது. ஆக, 2 இரண்டு தடவைதான் போகும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 24 என்பதால் 3 போகும், 9 போகாது. 12ஆல் வகுத்தால் மிஞ்சுவது 1550093.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 93 − 550 + 1 = −456. 456ஐ இந்த மூன்றில் எதுவும் வகுக்காது. எனவே 1550093ஐயும் வகுக்காது.

அடுத்து 17, 19, 23, 29: முறையே 16, 16, 8, 14 மீதி. 31 சரியாகப் போகும், ஈவு 50003.

சறுக்கும் இடம் இதுதான். 31 முடிந்தது என்று 37க்குத் தாவினால், 50003இன் வர்க்கமூலம் 223 சொச்சம் வரை 37 பகா எண்களைப் போட்டுப் பார்த்தும் ஒன்றும் வகுக்காது. 50003 பகா எண் என்று எழுதிவிடுவீர்கள். தவறு! 31 இன்னொரு தடவை போகும்: 50003 = 31 × 1613. திரும்பப் பெருக்கிச் சரிபார்த்தாலும் இந்தப் பிழை பிடிபடாது, பெருக்கல் சரியாகவே வரும். வகுத்த எண்ணாலேயே மறுபடி வகுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

1613இன் வர்க்கமூலம் 40 சொச்சம். 31 போட்டால் மீதி 1, 37 போட்டால் மீதி 22. சின்ன எண்கள் ஏற்கெனவே கழிந்தவை. 1613 பகா எண்தான்.

18601116 = 2² × 3 × 31² × 1613

இனி எல்லாம் சுலபம். ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 3 × 2 = 36 வகுத்திகள். (31ஐ ஒரு தடவையோடு விட்டிருந்தால் 24 என்று வந்திருக்கும்.) வகுத்திகளின் கூட்டுத்தொகை 7 × 4 × 993 × 1614 = 44875656. அந்த எண்ணையே கழித்தால் 26274540. எண்ணைவிடப் பெரிது, ஆகவே மிகை எண். 6ஐவிடப் பெரிய, 6ஆல் வகுபடும் எண் எதுவானாலும் இப்படித்தான்.

16இல் முடிவதால் முழு வர்க்கம்போலத் தோன்றும். ஆனால் 3க்கும் 1613க்கும் அடுக்கு ஒற்றைப்படை. இரண்டின் பெருக்குத்தொகை 4839ஆல் பெருக்கினால் 300018இன் வர்க்கம் கிடைக்கும். கால்குலேட்டர் கொள்ளாது, பேப்பரில் போடுங்கள்.

நாளை முன்னால் வைத்து 16111860 என்று எழுதினால் வேலை கூடும். 2² × 3 × 5 போக நிற்கும் 268531 பகா எண். அதை உறுதிசெய்ய 7 முதல் 509 வரை 94 பகா எண்களையும் போட்டுப் பார்த்தாக வேண்டும்.