இறகு பொறுக்கும் முன்: உதிர்ந்த இறகில் டிஎன்ஏ எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே வர்ண நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் எச்சத்தை வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் போவது இறகுக்கு. பறவையைப் பிடிக்காமல், ஊசி குத்தாமல், கூட்டைக் கலைக்காமல் அந்த இனத்தின் மரபணு வளம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு மாணவர்கள் தங்கள் முதல் சேகரிப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். ஜிப் கவர். உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் நான் கொண்டுவந்ததும் அதே மாதிரிக் கவர்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கையுறை போடு, உறைமேல் தேதி எழுது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளாஸ்டிக் கவர்

காகித உறை, சிலிக்கா ஜெல். வேறு எதுவும் வேண்டாம்.

கண்ணைப் பறிக்கும் இறகு

வர்ண நாரையின் பின்பக்கம் இருக்கும் ரோஜா நிற இறகைத்தான் எல்லாரும் முதலில் எடுப்பார்கள். நான் தேடுவது கறுப்பு இறகை: பச்சைப் பளபளப்போடு, பருத்த காம்போடு இருக்கும் பறக்கும் இறகு. காம்பு பெரிதாக இருந்தால்தான் உள்ளே செல்கள் மிஞ்சியிருக்கும். நெஞ்சுத் தூவி எத்தனை சேர்த்தாலும் ஏமாற்றம்தான்.

அடுத்து, இறகு விழுந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கும். ஈரத்தில் கிடந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்றுவிடும். நாங்கள் முதல் நாள் சாயங்காலம் மரத்தடியைப் பெருக்கிவிட்டு, மறுநாள் காலையில் புதிதாக விழுந்ததை மட்டும் எடுக்கிறோம். எண்ணிக்கை குறையும். பரவாயில்லை.

நுனியை மட்டும் வெட்டுவது

காம்பின் அடி நுனியை வெட்டிக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுவது பழைய பழக்கம். இறகைத் திருப்பிப் பிடித்து, வெறுங்காம்பு முடிந்து இழை தொடங்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே ஒரு சின்னத் துளை இருக்கும். அதை ஒட்டி, காம்புக்குள்ளே, கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு தெரியும். இறகு வளர்ந்த காலத்தில் அதற்குள் ஓடிய இரத்தம் உறைந்து நின்ற இடம் அது. நுனியைவிட இந்தப் பொட்டில் டிஎன்ஏ அதிகமாகவும் நல்ல நிலையிலும் கிடைக்கிறது என்று 2005இல் இம்பீரியல் கழுகு இறகுகளை ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிளேடால் காம்பை நீளவாக்கில் கீறி அதை எடுங்கள். கரைக்கும்போது புரதத்தை உடைக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதி மட்டும் போதாது, இறகின் கெரட்டின் புரதம் லேசில் அசையாது. கெரட்டினின் பிணைப்பை உடைக்கும் டிடிடி என்ற வேதிப்பொருளையும் சேர்த்து 56 டிகிரியில் இரவு முழுக்க விட வேண்டும்.

ஒருமுறை ஓட்டியதை நம்புவது

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

ஒரு நாரைக்கு ஒரு லோக்கஸில், அதாவது டிஎன்ஏவில் நாம் பார்க்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தில், அப்பாவிடமிருந்து 182, அம்மாவிடமிருந்து 190 என்று இரண்டு அலீல் (அந்த இடத்தின் மாற்று வடிவம்; எண் அதன் நீளம்) வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புது இரத்தத்தில் இரண்டுக்கும் ஏராளமான பிரதிகள் இருக்கும், பிசிஆர் (டிஎன்ஏவைப் பல சுற்றுகளில் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை; அதைச் செய்வதைத்தான் ஓட்டுவது என்கிறோம்) இரண்டையும் பிடித்துவிடும். உதிர்ந்த இறகிலிருந்து குழாய்க்குள் போகும் துளியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கலாம். முதல் சில சுற்றுகளில் 182 மட்டும் மாட்டிக்கொண்டால் அதுவே பெருகும், 190 வராமலே போய்விடும். திரையில் வரும் வரைபடத்தில் ஒரே ஒரு பீக், ஒரே ஒரு முகடு. சுத்தமாக, உயரமாக, சந்தேகப்பட இடமே இல்லாமல் நிற்கும். பார்த்தவர் 182/182 என்று எழுதிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போய்விடுவார். இதைத்தான் அலீல் விடுபடல் என்கிறோம். கலங்கலான பீக் வந்தால் யாரும் இரண்டாவது தடவை பார்ப்பார்கள். இந்த அழகான பீக்கை யாரும் பார்ப்பதில்லை.

என் முதல் சீசனில் ஒவ்வொரு இறகையும் ஒரே ஒருமுறை ஓட்டினேன். கெமிக்கல் விலை, அறிக்கை தர வேண்டிய அவசரம். கணக்குப் போட்டால் பல லோக்கஸில் ஹெட்டரோசைகோட்டுகள், அதாவது இரண்டு வெவ்வேறு அலீல் உள்ள பறவைகள், எதிர்பார்த்ததைவிடக் குறைவு. உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கிறது, கூட்டத்தின் மரபணு வளம் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று வரைபடம் போட்டு ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, இந்தக் குறைவு எல்லா லோக்கஸிலும் ஒரே மாதிரியா இருக்கா, நீளமானதுல மட்டும் அதிகமா இருக்கா?" மேடையில் நின்றபடியே அட்டவணையைப் பார்த்தேன். 120 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்தின் பக்கம் இருந்த லோக்கஸ்களில் குறைவே இல்லை. 250ஐத் தாண்டியவை எல்லாம் பள்ளத்தில் கிடந்தன. உறவுக்குள் இனப்பெருக்கம் என்றால் அது மரபணுத்தொகை முழுவதையும் ஏறக்குறைய ஒரே அளவில் தொடும், லோக்கஸின் நீளம் அதற்குப் பொருட்டில்லை. நீளம் பார்ப்பது சிதைந்த டிஎன்ஏதான்: துண்டு துண்டானதில் நீளமான லோக்கஸ் முழுதாக மிஞ்சாது. நான் படம் போட்டுக் காட்டியது வெயிலில் கிடந்த இறகின் கதையை.

திருப்பி ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆய்வகத்துக்கு வந்தால் காம்பு மிச்சமில்லை. எல்லாவற்றையும் கரைத்திருந்தேன். ஒரு சீசன் முழுக்கப் போயிற்று.

இதற்கான வழி எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. 1996இலேயே பியர் தபெர்லே என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஒரே மாதிரியைப் பல குழாய்களில் தனித்தனியாக ஓட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு அலீலும் குறைந்தது இரண்டு முறை தெரிந்தால்தான் ஹெட்டரோசைகோட் என்று எழுதலாம். ஒரே பீக் வந்தால் இன்னும் பொறுமை வேண்டும். டிஎன்ஏ மிகமிகக் குறைவாக இருந்தால் ஏழு முறை வரை பார்க்க வேண்டும் என்றார்கள். கட்டுப்படியாகாது என்று சொல்பவர்களுக்கு என் பதில்: இறகுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஓட்டங்களைக் குறைக்காதீர்கள்.

வர்ண நாரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க மர நாரைக்கென்று உருவாக்கிய மைக்ரோசாட்டலைட் மார்க்கர்களை (ஒரே சிறு வரிசை திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ இடங்களை அடையாளமாகக் கொள்வது) இதற்குக் கடன் வாங்குகிறோம். பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் ஒட்டும் இடத்தில் நம் நாரைக்கு ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்த அலீல் எத்தனை முறை ஓட்டினாலும் வராமல் போகலாம். விடுபடல் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், இது மாறாது. திருப்பி ஓட்டாதவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

நாரைகளின் மரபணு வளம் குறைந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால், வெளியிலிருந்து பறவை கொண்டுவந்து சேர்க்கலாமா என்று இன்னொருவர் கேட்பார். என் அட்டவணை அச்சுக்குப் போகாமல் தப்பியது அந்தப் பெரியவரால்தான்.

ஓர் இறகு, ஒரு பறவை என்று எண்ணுவது

ஒரே நாரை நாலு இறகு உதிர்த்துவிட்டுப் போகும். மரபணு அடையாளத்தைப் பார்த்து ஒரே பறவையின் இறகுகளை ஒன்றாக்கிய பிறகுதான் எந்தக் கணக்கும். இங்கேயும் விடுபடல் வந்து நிற்கும்: ஓர் அலீல் காணாமல் போனால் ஒரே பறவை இரண்டு பறவையாகிவிடும். ஒரே ஒரு லோக்கஸில் மட்டும் வேறுபடும் ஜோடி எங்கே தென்பட்டாலும் மறுபடி ஓட்டுங்கள். கஜகஸ்தானின் நௌர்சும் காப்பகத்தில் உதிர்ந்த இறகுகளை வைத்து இம்பீரியல் கழுகுகளைக் கணக்கிட்டபோது, கண்ணால் எண்ணியதைவிடப் பல மடங்கு கழுகுகள் வந்துபோவது தெரிந்தது. ஒவ்வோர் இறகின் அடையாளமும் சரியாக இருந்தால்தான் அப்படி ஓர் எண்ணை நம்ப முடியும்.

ஒரே மரத்தடியில் பை நிரப்புவதும் இதே வகைத் தவறு. வர்ண நாரை ஒரு கூட்டில் இரண்டு முதல் ஐந்து முட்டை வரை இடும். செத்து விழுந்த குஞ்சுகளின் இறகில் இரத்தம் நிறைய இருப்பதால் ஆசை வரும். அண்ணன் தம்பிகளையே எடுத்து வைத்துக்கொண்டு ஊரின் கணக்கைச் சொல்லக் கூடாது.

ஆண், பெண்

பெண் பறவைக்கு இசட், டபிள்யூ என்ற பால் குரோமோசோம்கள் இரண்டும் உண்டு, ஆணுக்கு இசட் மட்டும்தான். ஆண், பெண் பிரிக்க உதவும் பி2, பி8 பிரைமர்களில் பெரும்பாலான இனங்களுக்கு டபிள்யூ துண்டுதான் நீளம். அது விடுபட்டால் பெண் ஆணாகப் பதிவாகும். ஆண் என்று வரும் முடிவுகளைத் திருப்பிப் பாருங்கள்.

அனுமதி

தரையில் கிடந்தாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மயில் தோகைக்கு இருக்கும் சலுகை நாரைக்குக் கிடையாது.

இறகைக் கழுவுவது

கழுவாதீர்கள்.

மிச்சம் வைக்காமல் கரைப்பது

பொட்டிலும் காம்பிலும் பாதியை வெட்டி அதே உறையில் திருப்பிப் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அந்த மாணவர்களின் கவரில் பாதிக்குமேல் பூஞ்சை பிடித்துவிட்டது. உலர்த்திக் காகித உறைக்கு மாற்றியதில் ஆறு இறகில் பொட்டு தெரிந்தது. ஆறிலும் பாதியைத்தான் எடுத்திருக்கிறோம்.