தூக்கமே வரலன்னு வர்றவங்களுக்கு சிபிடி-ஐ: ரங்கூன் வீடுகள்ல எப்படி நடத்துறது

புதுசா கவுன்சலிங்குக்கு வர்ற பசங்க, தூக்கம் வரலன்னு யாராவது வந்தா உடனே டீ குடிக்காதீங்க, ஃபோன் பாக்காதீங்க, வெதுவெதுப்பா பால் குடிங்கன்னு ஒரு லிஸ்ட்ட கையில குடுத்து அனுப்பிடுறாங்க. அது சிபிடி-ஐ (மாத்திரை இல்லாம பழக்கத்தையும் யோசனையையும் மாத்தி தூக்கமின்மைய சரி பண்ற சிகிச்சை) இல்ல. அந்த லிஸ்ட் மட்டும் வச்சு நாள்பட்ட தூக்கமின்மை போகாது. நிஜமா வேலை செய்றது ரெண்டு விஷயம், படுக்கையில கிடக்குற நேரத்த குறைக்கிறது, தூக்கம் வராதப்ப படுக்கைய விட்டு எந்திரிக்கிறது. ரெண்டுமே கஷ்டம், ரெண்டுமே வந்தவங்களுக்கு பிடிக்காது, அதனாலதான் பக்கத்துல ஒரு ஆள் இருந்து நடத்த வேண்டியிருக்கு. பெரியவங்களோட நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி இதைத்தான் குடுக்கணும்னு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்ங்கிற டாக்டர்கள் சங்கம் 2016லயே சொல்லிட்டாங்க.

முதல் செஷன்ல அவசரப்படாதீங்க. வாரத்துல மூணு ராத்திரியாவது, மூணு மாசமாவது இருந்தாதான் நாள்பட்டதுன்னு கணக்கு. தூக்கமின்மை எவ்வளவு கடுமைன்னு அளக்குற இன்சோம்னியா சிவியாரிட்டி இண்டெக்ஸ்ல ஏழே கேள்விதான், 28க்கு 15ம் அதுக்கு மேலயும் வந்தா சீரியஸா எடுத்துக்கணும். சத்தமா குறட்டை விடுவாரா, தூக்கத்துல மூச்சு நின்னு திணறுவாரான்னு வீட்டுல இருக்குறவங்ககிட்ட கேளுங்க, அவருக்கே தெரியாது. பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குற நோய்), வலிப்பு இருக்குறவங்களுக்கு நேரத்த குறைக்கிற வேலைய டாக்டர் இல்லாம தொடவே கூடாது, தூக்கம் குறைஞ்சா மேனியாவும் (மனநிலை அளவுக்கு மீறி ஏறுறது) வலிப்பும் கிளம்பிடும். மாண்டலே ரோட்டுல பஸ் ஓட்டுறவரு, மெஷின்ல நிக்கிறவரு, இவங்களுக்கும் ரொம்ப ஜாக்கிரதை.

அப்பறம் டைரி. ஒரு வாரம், முடிஞ்சா ரெண்டு. எத்தன மணிக்கு படுத்தாங்க, சுமாரா எப்ப தூங்கினாங்க, நடுவுல எத்தன தடவ முழிப்பு, கடைசியா எப்ப எந்திரிச்சாங்க. இத காலைல குத்துமதிப்பா எழுதினா போதும், ராத்திரி மணி பாக்கவே கூடாது, கடிகாரத்த சுவர் பக்கம் திருப்பி வைக்க சொல்லுங்க. நம்ம ஊருக்குன்னு இன்னும் மூணு கட்டம் சேத்துக்கோங்க: கரண்ட் எப்ப வந்துச்சு, குன்யா (வெத்தலை பாக்கு) எப்ப போட்டாங்க, லப்பெத் (ஊறவச்ச தேயிலை) எப்ப சாப்பிட்டாங்க. டீக்கடை டீய எல்லாரும் ஒழுங்கா எழுதுவாங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் தட்டு நிறைய சாப்பிட்ட லப்பெத் தோக்க (அந்த தேயிலை சாலட்ட) யாரும் எழுத மாட்டாங்க, ஏன்னா அது சாலட்டாம். அட, அதுவும் தேயிலைதானே, பரீட்சைக்கு முழிச்சு படிக்கிற பிள்ளைங்க அதத்தானே திங்குதுங்க! குன்யாவுல புகையிலை போட்டா நிக்கோட்டினும் தூக்கத்த விரட்டும்.

டைரி வந்ததும் கணக்கு. ஒரு கடைக்கார அண்ணன்னு வச்சுக்கோங்க, கரண்ட் இல்ல வேற என்ன பண்றதுன்னு 9 மணிக்கே கொசுவலைக்குள்ள போயிடுறாரு, காலைல 6 மணிக்கு வெளிய வர்றாரு, மொத்தம் 9 மணி நேரம், ஆனா தூங்கினது அஞ்சரை. அஞ்சரைய ஒன்பதால வகுத்தா, படுக்கையில இருந்த நேரத்துல தூங்கினது 61 சதவீதம். நல்லா தூங்குற ஆளுக்கு 85க்கு மேல இருக்கும். அவருக்கு தூக்கம் போனது 2025 மார்ச் நிலநடுக்கத்துக்கு அப்பறமா இருக்கலாம், ஆனா இன்னைக்கு வரைக்கும் அத பிடிச்சு வச்சிருக்கறது இந்த 9 மணி படுக்கையும் மத்தியான கோழித்தூக்கமும்தான். ஆரம்பிச்சு வச்சது வேற, தொடர வைக்கிறது வேறங்கிற இந்த பிரிப்பு தூக்க ஆராய்ச்சியாளர் ஆர்தர் ஸ்பீல்மனோடது, நேரத்த குறைக்கிற முறைய 1987ல எழுதினதும் அவர்தான்.

அண்ணனுக்கு காலைல 5.30ன்னு முடிவு பண்ணுங்க, ஞாயித்துக்கிழமையும் அதே 5.30. அங்கேருந்து அஞ்சரை மணி நேரம் பின்னாடி போனா ராத்திரி 12. அதுக்கு முன்னாடி படுக்கக்கூடாது, மத்தியானமும் கூடாது. அஞ்சு மணி நேரத்துக்கு கீழ மட்டும் யாருக்கும் இறக்காதீங்க. ஒரு வாரம் 85 தாண்டினா 15 நிமிஷம் முன்னாடி படுக்க விடுங்க, அப்படியே வாராவாரம். “தம்பி, தூக்கமே வரலன்னு வந்தா நீ தூங்காதங்கிறியே”ன்னு கேப்பாரு. தூக்கமும் பசி மாதிரிதான் அண்ணே, சும்மா சும்மா கொறிச்சா சாப்பாட்டு நேரத்துக்கு பசிக்காதுன்னு சொல்லுங்க. முதல் வாரம் பகல்ல கண்ண சொருகும், அத முன்னாடியே சொல்லிடணும், சொல்லலன்னா ரெண்டாவது செஷனுக்கு ஆள் வர மாட்டாரு. வண்டி ஓட்டாதீங்கன்னும் சொல்லணும்.

ரெண்டாவது விஷயம் ரிச்சர்ட் பூட்ஸின்ங்கிற உளவியலாளர் 1972ல சொன்னது, சுமார் 20 நிமிஷம் தூக்கம் வரலன்னு தோணுச்சுன்னா எந்திரிச்சு வேற ரூமுக்கு போ, கண்ண சொருகுனா திரும்பி வா. நம்மாளுங்களுக்கு வேற ரூமுக்கு எங்க போறது, ஒரே ரூம்ல நாலு கொசுவலை கட்டி தூங்குற வீடு. வலைக்கு வெளிய ஒரு நாற்காலி, ஒரு சின்ன பேட்டரி லைட்டு, கொசுவத்தி, கையில ஜெபமாலையோ பழைய வார இதழோ, அது போதும். வலைக்குள்ள தூக்கம் மட்டும்தான் (தம்பதிங்க விஷயம் விதிவிலக்கு), ஃபேஸ்புக், கடன் கணக்கு, மகன் வெளிநாட்டுல என்ன பண்றானோங்கிற கவலை எல்லாம் நாற்காலியில. ராத்திரி 2 மணிக்கு கரண்ட் வந்தா மோட்டார் போட்டு தண்ணி ஏத்தணுமே, அதுக்கு வீட்டுல பேசி வேற ஆள மாத்தி விடுங்க. முடியலன்னா போட்டுட்டு வந்து படுக்கட்டும், ஆனா எந்திரிக்கிற நேரம் மாறக்கூடாது.

மூணாவது நாலாவது செஷன்ல யோசனைகளுக்கு வாங்க. “இன்னைக்கு தூங்கலன்னா நாளைக்கு கடை போச்சு”ம்பாங்க. வாதாடாதீங்க. போன தடவ தூங்காத அடுத்த நாள் என்ன நடந்துச்சுன்னு மணி மணியா சொல்ல சொல்லுங்க, கடைய திறந்திருப்பாரு, சிடுசிடுன்னு இருந்திருப்பாரு, சில்லறையும் சரியா குடுத்திருப்பாரு. அத அவர் கையால டைரியில எழுத வைங்க. கவலைக்கு சாயங்காலம் 6 மணிக்கு கால் மணி நேரம் ஒதுக்கி நோட்டுல எழுத சொல்லலாம்.

தூக்க மாத்திரை ரொம்ப நாளா போடுறவங்கள டக்குனு நிறுத்த சொல்லிடாதீங்க, பென்சோடயசெபின் வகைய திடீர்னு விட்டா வலிப்பே வரலாம், எழுதி குடுத்த டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கட்டும்.

மொத்தம் ஆறு, எட்டு செஷன்ல முடிச்சிடலாம். கடைசி செஷன்ல ஒரு சீட்டுல எழுதி குடுங்க: திரும்ப தூக்கம் கெட்டா சீக்கிரம் படுக்கப் போகாதீங்க, மத்தியானம் தூங்காதீங்க, எந்திரிக்கிற நேரத்த விடாதீங்க, ரெண்டு வாரத்துல சரியாகலன்னா டைரியோட வாங்க.