டெக்சாஸில் 'லைசென்ஸ் வேண்டாம்' என்பது உங்களுக்குச் சொன்னதல்ல

புதிதாக வருகிறவர்கள் வாடகை வீடு, பழைய கார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்பார்கள். "அண்ணா, இங்க துப்பாக்கி வாங்கலாமா?" டாலஸ் பக்கம் நான் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கிரீன் கார்டு வந்த பிறகு நானும் ஒன்று வாங்கி, வகுப்புக்குப் போய், அதை வெளியே கொண்டுபோவதற்கான மாநில லைசென்ஸும் எடுத்து வைத்திருக்கிறேன். அதனால் கேட்பவர்களைத் திட்டமாட்டேன். ஆனால் எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 என்று எந்த விசாவில் இருந்தாலும், இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். ஒரு விஷயம் தெரியாமல் என் நண்பர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

ஊரில் நமக்குத் தெரிந்தது ஒரே வழி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஒரு மனு, போலீஸ் விசாரணை, கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது, கடைசியில் ஒரு லைசென்ஸ். எங்கள் தாத்தாவிடம் ஓர் இரட்டைக்குழல் இருந்தது. கடலைக் காட்டில் பன்றி இறங்காமல் இருக்க வாங்கியது. தேர்தல் அறிவித்தால் போதும், துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். துப்பாக்கியைவிட அந்தக் காகிதத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

இங்கே அப்படி ஒரே இடம் கிடையாது. மாநிலச் சட்டம் ஒன்று, மத்திய அரசின் சட்டம் ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் உங்கள் தலைமேல் இருக்கும். டிவியில் வருவதெல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டம். விசாவில் இருப்பவரைப் பிடிப்பது மத்திய சட்டம். அந்தச் சட்டப்படி, குடியேற்ற விசா அல்லாத விசாவில், அதாவது வேலை, படிப்பு, சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில், வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். 2022 ஜூன் மாதத்துக்கு முன் அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு, இப்போது 15.

இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பழக்கமானது ஒன்றுதான்: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் தடை இல்லை. மானைச் சுடப் போக வேண்டும் என்பதில்லை, லைசென்ஸ் இருந்தால் போதும். டெக்சாஸில் வசிப்பவருக்கு அது 25 டாலர். மீன்பிடி லைசென்ஸ் மட்டும் இருந்தால் உதவாது.

கடையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். விசாவில் இருக்கிறீர்களா, விதிவிலக்கு உண்டா என்று அதிலேயே கேட்டிருக்கும். ஐ-94 எண் (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு எண்), வேட்டை லைசென்ஸ், முகவரிச் சான்று கொடுத்தால் கணினியில் பின்னணிச் சோதனை நடக்கும். சில நிமிடத்தில் முடிந்தாலும் முடியும், சில நாள் இழுத்தாலும் இழுக்கும். பொய்யாக ஒரு கட்டத்தைக்கூட டிக் செய்யாதீர்கள், அது தனிக் குற்றம்.

என் நண்பர் இதெல்லாம் சரியாகத்தான் செய்தார். மதுரைக்காரர், என்னைவிட ஆறு வயது சின்னவர். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற ஆள். பக்கத்து வீட்டில் திருட்டுப் போன பிறகு வீட்டில் பயந்துவிட்டார்கள் என்று 2020 கடைசியில் வேட்டை லைசென்ஸ் எடுத்து, கடையில் உண்மையைச் சொல்லி, முறைப்படி ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அன்றைக்கு அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வருடம் டெக்சாஸ் சட்டமன்றம் எச்.பி. 1927 என்ற மசோதாவை நிறைவேற்றியது. ஜூன் மாதம் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்துப் போட்டார். 21 வயது ஆனவர், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாதவர் என்றால், பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோக இனி மாநில லைசென்ஸ் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. டிவியிலும் ஆபீஸிலும் அதே பேச்சு. நண்பர் போன் செய்தார்: "அண்ணா, இனிமே லைசென்ஸே வேணாமாமே?" நானும் "ஆமாப்பா, சட்டம் வந்துடுச்சு" என்றேன். அவர் எந்த லைசென்ஸைக் கேட்கிறார் என்று திருப்பிக் கேட்காமல் விட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். நண்பருடையதும் 2021 ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. மறுநாள்தான் 'லைசென்ஸ் வேண்டாம்' சட்டம் தொடங்கியது. சட்டம் வேண்டாம் என்றது, வெளியே கொண்டுபோவதற்கான மாநில லைசென்ஸை. நண்பர் புதுப்பிக்காமல் விட்டது, துப்பாக்கியை வைத்திருக்கவே அவருக்கு இருந்த ஒரே அனுமதியை. சட்டத்தடை இல்லாதவர் என்று மாநிலச் சட்டத்தில் இருக்கும் வரி மத்திய சட்டத்தின் தடையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. செப்டம்பர் 1 காலையில், வீட்டு அலமாரியில் சும்மா இருந்த அந்தத் துப்பாக்கி, அவர் எதுவும் செய்யாமலேயே, குற்றமாகிவிட்டது.

அக்டோபரில் ஒரு ராத்திரி, காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. இவர் மரியாதையாக, "டேஷ்போர்டுக்குள் துப்பாக்கி இருக்கிறது" என்று தானே சொன்னார். விசாவில் இருப்பவர்களின் ஓட்டுநர் உரிமத்தில் குறுகிய கால உரிமம் என்று அச்சிட்டிருக்கும். அதிகாரி அதைப் பார்த்தார், விசாவைக் கேட்டார், பிறகு வேட்டை லைசென்ஸைக் கேட்டார். இவர் காலாவதியானதை எடுத்து நீட்டினார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். விஷயம் மத்திய அரசு வரைக்கும் போனது. கடைசியில் வழக்குப் போடவில்லை. ஆனால் அது தெரிய ஒன்றரை வருடம் ஆனது. வக்கீலுக்கு 18,000 டாலர்.

பணம் போனதை அவர் பெரிதாகச் சொல்வதில்லை. கிரீன் கார்டு மனு 2020 அக்டோபரில் போட்டு நிலுவையில் இருந்த நேரம் அது. இந்த விஷயம் தீரும்வரை நாட்டைவிட்டு வெளியே போகாதீர்கள், திரும்பி வர முடியாமல் போகலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். 2022 பிப்ரவரியில் அவருடைய அப்பா தவறினார். மூத்த மகன் இங்கே, தம்பி கொள்ளி வைத்தார். எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அதிகாலை மூன்று மணிக்கு வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அதனால் விசாவில் இருந்துகொண்டு வாங்கியே ஆக வேண்டும் என்றால், அடுத்த வருடத்துக்கான வேட்டை லைசென்ஸை ஆகஸ்டிலேயே வாங்கிவிடுங்கள், ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனை தொடங்கிவிடும். ஒரு நாள் இடைவெளிகூட விடாதீர்கள். ஏற்கனவே விட்டுவிட்டீர்களா? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடைக்கோ ஸ்டேஷனுக்கோ ஓடாதீர்கள், முதலில் வக்கீலைக் கூப்பிடுங்கள். என்னைக் கேட்டால், கிரீன் கார்டு வரும்வரை வாங்காமலே இருங்கள் என்பேன். நல்ல பூட்டும் அலாரமும் போட்டால் யாரும் உங்கள் விசாவைக் கேட்கமாட்டார்கள்.

வீட்டில் ஒருவருக்குக் கிரீன் கார்டு, மற்றவருக்கு விசா என்றால் துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ எண்ணோ விசாவில் இருப்பவரிடம் இருக்கக் கூடாது. எடுக்கும் வசதி இருந்தாலே கையில் இருப்பதாகக் கொள்ள முடியும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எப்படியும் பூட்டித்தான் வைக்க வேண்டும். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி விட்டால் டெக்சாஸில் அது குற்றம்.

ஆபீஸ் நண்பர்கள் சுடும் பயிற்சிக் கூடத்துக்குக் கூப்பிடுவார்கள். மெரினாவில் பலூன் சுடுகிற மாதிரி நினைத்துப் போய்விடாதீர்கள். வாடகைக்கு எடுத்துப் பத்து நிமிடம் சுட்டாலும் அது 'வைத்திருத்தல்'தான். ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்த அப்பாவை நிற்க வைத்து, கையில் துப்பாக்கி கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சாட்சியை நாமே தயார் செய்து கொடுக்கிறோம்.

இன்னொன்று, கிரீன் கார்டு, குடியுரிமை வந்தவர்களுக்கும் சேர்த்து. கூடத்துக்கு எடுத்துப்போன பையை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டம் 25-ஆவது பிரிவில் வழக்கு வரும். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வெளியே வருவதற்குள் உங்கள் லீவு முடிந்திருக்கும்.

கிரீன் கார்டு வந்தவர்கள், லைசென்ஸ் தேவையில்லை என்றாலும் மாநில லைசென்ஸை எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு, சுட்டுக்காட்டும் ஒரு தேர்வு, 40 டாலர் கட்டணம். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோக மத்திய சட்டம் தடை போடுகிறது. அந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸ் இருப்பவருக்கு விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் காரில் போகும்போது மட்டும் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் லைசென்ஸையும் ஏற்பதில்லை. துப்பாக்கி வழக்கில் தண்டனை வந்தால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம்.

கடை, கோயில் வாசலில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு (துப்பாக்கி கொண்டுவரத் தடை என்று சொல்லும் சட்டப் பிரிவுகள்) பலகை இருந்தால் துப்பாக்கியைக் காரிலேயே பூட்டி வையுங்கள். சிவப்பில் 51 என்று போட்டிருந்தால் அது மது விற்பனையில் ஓடும் இடம், துப்பாக்கியோடு வாசலைத் தாண்டவே வேண்டாம்.

இங்கே சட்டமன்றம் ஒற்றைப்படை வருடங்களில் ஜனவரியில் கூடி 140 நாள் நடக்கும். புதுச் சட்டங்கள் பெரும்பாலும் செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வரும். அந்த வருடங்களில் மசோதாவின் முழு வாசகத்தையும் சட்டமன்ற இணையதளத்தில் நானே படிக்கிறேன். தலைப்புச் செய்தியை நம்புவதை விட்டுவிட்டேன்.

நண்பர் இப்போது துப்பாக்கி வைத்திருக்கவில்லை. கிரீன் கார்டுக்காக இன்னும் காத்திருக்கிறார். ஒவ்வொரு ஆகஸ்ட் 15 அன்றும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூவர்ணக் கொடிகளுக்கும் சுதந்திர தின வாழ்த்துகளுக்கும் நடுவில் அவருடைய செய்தி ஒன்று வரும்: "வேட்டை லைசென்ஸ் புதுப்பிச்சாச்சா? பதில் போடாதவங்களுக்கு நான் போன் பண்ணுவேன்." பண்ணுவார்.