கப்பலுக்கு அம்மோனியாவா, மெத்தனாலா? முடிவெடுக்கும் முன் போடவேண்டிய கணக்கு

எண்ணெய்க்குப் பதிலாகக் கப்பலில் எரிக்கப் பேசப்படும் அம்மோனியா, மெத்தனால் இரண்டுமே ஹைட்ரஜனைத் தமக்குள் சுமக்கும் திரவங்கள். அப்படியானால் ஹைட்ரஜனையே நேராக ஏற்றிக்கொண்டு போகலாமே என்று மரைன் இன்ஜினியரிங் படிக்கிற பசங்க கேட்பார்கள். போகலாம்தான், ஆனால் அதைத் திரவமாக வைத்திருக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும், அத்தனை பாடுபட்டாலும் ஒரு கனமீட்டரில் 71 கிலோதான் அடங்கும். அதே ஒரு கனமீட்டர் திரவ அம்மோனியாவுக்குள் சுமார் 120 கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது, மைனஸ் 33 டிகிரி போதும். மெத்தனாலில் கிட்டத்தட்ட 100 கிலோ. சென்னை மே மாத வெயிலிலும் அது திரவம்தான்.

முதலில் டேங்கைப் பாருங்கள். இப்போது 1000 கனமீட்டர் ஃபர்னஸ் ஆயில் (கப்பல் என்ஜினில் எரிக்கும் கனமான எண்ணெய்) பிடிக்கிற கப்பலுக்கு, அதே தூரம் ஓட மெத்தனால் என்றால் ஏறக்குறைய 2500, அம்மோனியா என்றால் 3000 வேண்டும், குளிர்காப்புக்கான இடம் தனி. அவ்வளவு இடம் இல்லையா, நடுவழியில் எங்கே நிரப்புவது என்று இப்போதே யோசியுங்கள்.

அடுத்து, அந்த எரிபொருள் எதிலிருந்து தயாரானது என்று கேளுங்கள். இயற்கை எரிவாயுவிலிருந்து வந்த அம்மோனியாவின் கார்பன் புகை, கப்பலுக்குப் பதில் ஆலையில் போயிருக்கும், அவ்வளவுதான். மெத்தனாலிலோ கார்பன் உள்ளேயே இருக்கிறது: ஒரு கிலோ எரிந்தால் 1.37 கிலோ கார்பன் டையாக்சைடு. அந்தக் கார்பன் தாவரக் கழிவிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்திருந்தால்தான் கணக்கு நேராகும்.

அப்புறம் ஆட்கள். அம்மோனியா கசிந்தால் என்ன ஆகும் என்று எண்ணூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். என்ஜின் அறையில் ஓடத் தெருவும் கிடையாது. அதனால் எரிபொருள் குழாய்கள் இரட்டைச் சுவரோடு இருக்கவேண்டும், கசிவு காட்டும் கருவி வேண்டும், முழு முகமூடி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கவேண்டும். பித்தளை வால்வு ஒன்றுகூட இருக்கக்கூடாது, அம்மோனியா அதை அரித்துவிடும். மெத்தனால் இவ்வளவு மிரட்டாது, ஆனால் அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது, எனவே வெப்பம் பார்க்கும் கேமரா வாங்குங்கள்.

கப்பலிலேயே ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் ஆசை இருந்தால், மெத்தனாலுக்கு 250 டிகிரி வாக்கில் வேலை முடியும், அம்மோனியாவுக்குப் பெரும்பாலும் 500-க்கு மேல் சூடேற்ற வேண்டும். என்னைக் கேட்டால், பயணிகள் ஏறும் கப்பலில் அம்மோனியா வேண்டாம். 2015-லேயே ஸ்டெனா ஜெர்மானிகா என்ற பயணிகள் படகு மெத்தனாலுக்கு மாறிவிட்டது.